நீரிழிவும் சிறுநீரகமும்: நோயை முன்னறிவிக்கும் அடையாளங்கள்

நீரிழிவு நோய் நகரத்தாருக்கும் செல்வருக்குமே உரியது என்று கருதப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அக்காலம் கடந்துவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடைபெற்ற பெரும் கணக்கெடுப்பின் முடிவு 2023ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதன்படி நம் நாட்டில் நீரிழிவு கண்டவர்கள் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேர். ஏர் பிடிப்போரும், நாற்று நடுவோரும், கூலி வேலை செய்வோரும் இத்தொகையில் அடங்குவர்.

நீரிழிவு கண்டவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குக் காலப்போக்கில் சிறுநீரகங்கள் பழுதுபடுகின்றன. இந்நோயின் பெருந்தீங்கு யாதெனில், இது ஓசையின்றி வளர்வதேயாகும். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, வேலை செய்யும் வலிமையும் நெடுநாள் குறைவதில்லை. கால் வீங்கி, பசி குன்றி, மூச்சு வாங்கத் தொடங்கிய பின் மருத்துவமனைக்குச் செல்பவரிடம், சிறுநீரகங்களின் பெரும்பகுதி பயனற்றுப் போய்விட்டது என்று மருத்துவர் கூறும்படி நேர்கிறது. அதன் பின் எஞ்சுவன இரண்டே வழிகள். ஒன்று, மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொள்வது. மற்றொன்று, வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாட்கள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தின் அருகே படுத்திருப்பது. அரசு மருத்துவமனைகளில் இச்சிகிச்சை கட்டணமின்றிக் கிடைப்பினும், போக்குவரத்துச் செலவையும் இழந்த கூலியையும் குடும்பமே தாங்க வேண்டியிருக்கிறது. உடன் செல்லும் ஒருவரின் வேலையும் அன்றைக்குக் கெடுகிறது.

இவ்வளவு கொடிய நோயைப் பல ஆண்டுகளுக்கு முன்பே அறிந்துகொள்ள இயலுமா? இயலும். நம் சிறுநீரிலும் இரத்தத்திலும் உள்ள சில நுண்ணிய பொருள்கள், அதாவது மூலக்கூறுகள், வரவிருக்கும் கேட்டினை முன்கூட்டியே காட்டுகின்றன. அவை யாவை, அவற்றை எங்ஙனம் அளப்பது, அளந்த பின் செய்ய வேண்டுவது என்ன என்பவற்றை இங்கு விளக்குவோம்.

சிறுநீரகம் செய்யும் பணி

நம் முதுகின் இருபுறமும், விலா எலும்புகளுக்குக் கீழே, அவரை விதையின் வடிவில் இரு சிறுநீரகங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ பத்து லட்சம் வடிகட்டிகள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இரத்தக் குழல்கள் பந்துபோல் சுருண்டு அமைந்தவையே இவ்வடிகட்டிகள். ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீர் இவற்றின் வழியே வடிகிறது. அதில் வேண்டியவற்றையெல்லாம் உடல் மீண்டும் எடுத்துக்கொள்ள, கழிவுப் பொருள்களோடு ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது.

நல்ல சல்லடை தவிட்டைக் கீழே விட்டு அரிசியைத் தன்னிடம் நிறுத்திக்கொள்கிறது அன்றோ? அதுபோலவே இவ்வடிகட்டிகள் உப்பையும் கழிவையும் வெளியே விட்டு, இரத்தத்தின் அணுக்களையும் புரதங்களையும் உள்ளே நிறுத்துகின்றன. அப்புரதங்களுள் மிகுதியாக உள்ளது அல்புமின் என்பதாகும். கல்லீரலில் உண்டாகும் இப்பொருள், இரத்தத்தின் நீர் குழலைவிட்டுக் கசிந்து போகாமல் காக்கிறது. நலமுள்ள மனிதரின் சிறுநீரில் அல்புமின் மிக மிகச் சொற்பமாகவே காணப்படும்.

இரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் மிகுந்திருந்தால் இவ்வடிகட்டிகள் கெடத் தொடங்குகின்றன. முதலில் அவற்றினுள் அழுத்தம் கூடுகிறது. பின்னர்ச் சுவர்கள் தடித்து, அவற்றைத் தாங்கும் உயிரணுக்கள் உதிர்கின்றன. கண்கள் அகன்றுபோன சல்லடையில் அரிசியும் கீழே விழுவதைப் போல, நிற்க வேண்டிய அல்புமின் சிறுநீரில் கலந்து வெளிவருகிறது. இரத்த அழுத்தமும் மிகுந்திருந்தால் இக்கேடு இன்னும் விரைகிறது.

முதல் அடையாளம்: அல்புமின்

ஏரிக் கரையைக் காவல் புரிவோர், கரை உடையும் நாள் வரை காத்திருப்பதில்லை. கரையின் வெளிப்புறத்தில் கசிவு தோன்றினாலே, அது எவ்வளவு சிறிதாயினும், அன்றே கவனிக்கின்றனர். கசியும் நீர் கலங்கி வருமாயின் கரையின் மண் உள்ளிருந்தே அரிக்கப்படுகிறது என்று உணர்ந்து மண் கொட்டுகின்றனர். சிறுநீரில் தோன்றும் அல்புமினும் அத்தகைய கசிவேயாகும்.

இச்சிறு கசிவை அளக்கும் வழி 1963ஆம் ஆண்டில் லண்டன் நகரின் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஹாரி கீன் என்பவராலும் அவருடைய துணைவராலும் வெளியிடப்பெற்றது. அதற்கு முன் இருந்த சோதனைகள், புரதம் மிகுதியாகப் போகும்பொழுதே அதைக் காட்ட வல்லவையாயிருந்தன. பின்னர் அதே மருத்துவமனையினர், இன்சுலின் செலுத்திக்கொள்ளும் 63 நோயாளிகளின் சிறுநீரை அளந்து குறித்துவைத்து, 14 ஆண்டுகளுக்குப் பின் அவர்களுடைய நிலையை ஆராய்ந்தனர். அம்முடிவு 1982இல் வெளியாயிற்று. தொடக்கத்தில் கசிவு குறைவாக இருந்த 55 பேரில் இருவருக்கு மட்டுமே சிறுநீரக நோய் வெளிப்படையாகத் தோன்றியிருந்தது. கசிவு சற்றே கூடியிருந்த 8 பேரிலோ 7 பேருக்கு அந்நோய் கண்டிருந்தது. 1984இல் டென்மார்க் நாட்டு மருத்துவர் மோகென்சன், நடுவயதிற்குப் பின் வரும் நீரிழிவிலும் இவ்வடையாளம் பொருந்தும் எனக் காட்டினார். அல்புமின் கூடியவர்கள் விரைவில் இறப்பதும் மிகுதி என்று அவர் கண்டார். அல்புமின் கசிவு இதயத்திற்கும் இரத்தக் குழல்களுக்கும் நேரும் கேட்டினையும் சுட்டுவதே இதற்குக் காரணமாகும்.

இப்பொழுது இச்சோதனைக்கு ஒரு வேளைச் சிறுநீரே போதும். நீர் மிகுதியாகக் குடித்தவரின் சிறுநீர் நீர்த்தும், குறைவாகக் குடித்தவரின் சிறுநீர் செறிந்தும் இருக்குமாதலால், அல்புமினை மட்டும் அளந்தால் கணக்குத் தவறும். ஆகவே, நாள்தோறும் ஏறத்தாழ ஒரே அளவாக வெளியேறும் கிரியாட்டினின் என்ற கழிவுப் பொருளையும் உடன் அளந்து, அதனோடு அல்புமினை ஒப்பிடுகின்றனர். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் குறைவாக அல்புமின் இருப்பின் அச்சமில்லை. 30 முதல் 300 வரை இருப்பின் கசிவு தொடங்கிவிட்டது என்று பொருள். 300க்கு மேற்பட்டால் கேடு முற்றிவருகிறது என்று கொள்ளல் வேண்டும். சிறுநீரில் தோய்த்து நிறம் பார்க்கும் சாதாரணத் தாள், அளவு மிகுந்த பின்னரே நிறம் மாறும். எனவே தாளில் ஒன்றும் தெரியவில்லை என்பதைக் கொண்டு நீரிழிவு நோயாளர் மன அமைதி கொள்ளலாகாது.

இரண்டாம் அடையாளம்: இரத்தத்தில் கிரியாட்டினின்

கிரியாட்டினின் தசைகளிலிருந்து உண்டாவது. சிறுநீரகம் தளர்ந்தால் இது இரத்தத்தில் தேங்கும். அந்த அளவையும், நோயாளரின் வயதையும், ஆண் பெண் என்ற வேற்றுமையையும் கொண்டு, வடிகட்டும் ஆற்றல் எவ்வளவு எஞ்சியுள்ளது என்று கணக்கிடுகின்றனர். அவ்வெண் 60க்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நிற்குமாயின் நாள்பட்ட சிறுநீரக நோய் என்பது உறுதியாகிறது.

இவ்வடையாளம் காலந்தாழ்ந்து பேசுவது. வடிகட்டும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி போன பின்னரே இரத்தத்தில் கிரியாட்டினின் தெளிவாக உயர்கிறது. அல்புமினோ அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தோன்றக்கூடும். மறுபுறம், அல்புமின் கசியாமலே ஆற்றல் குன்றும் நோயாளரும் உண்டு. ஆதலின் இவ்விரண்டு சோதனைகளும் வேண்டும். ஒன்று மற்றொன்றிற்கு ஈடாகாது.

சிறுநீர் கொடுக்கும்பொழுது கவனிக்க வேண்டியவை

காலையில் எழுந்தவுடன் கழியும் முதற் சிறுநீரே சோதனைக்குச் சிறந்தது. காய்ச்சல் உள்ளபொழுதும், சிறுநீர்த் தாரையில் எரிச்சலும் கிருமித் தொற்றும் உள்ளபொழுதும், பெண்களுக்கு மாதவிலக்கு நாட்களிலும் இச்சோதனை தவறாகக் கூடுதலைக் காட்டக்கூடும். முந்திய நாள் கடுமையாக உழைத்திருந்தாலும் அவ்வாறே ஆகும். ஆகவே அறுவடை, நடவு போன்ற கடும் வேலை முடிந்த மறுநாள் சிறுநீர் கொடுப்பதைத் தவிர்த்தல் நலம்.

ஒரு முறை கூடுதலாகக் கண்டவுடன் நோய் என்று கலங்க வேண்டுவதில்லை. மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் மூன்று முறை சோதித்து, அவற்றுள் இரண்டில் கூடியிருந்தால் மட்டுமே கசிவு உண்டென்று முடிவு செய்வது மருத்துவ மரபு. நடுவயதிற்குப் பின் வரும் நீரிழிவு, கண்டறியப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே உடலில் குடிகொண்டிருக்கலாம். ஆகையால் நோய் கண்ட நாளிலேயே முதற் சோதனையைச் செய்து, அதன் பின் ஆண்டுக்கொரு முறை தவறாது செய்தல் வேண்டும். இளமையிலேயே இன்சுலின் தேவைப்படும் வகை நீரிழிவாயின், நோய் கண்ட ஐந்தாம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் செய்தல் போதும்.

ஆராய்ச்சியில் உள்ள புதிய அடையாளங்கள்

அல்புமின் கசியும் அனைவருக்குமே சிறுநீரகம் செயலிழப்பதில்லை. சிலருக்குக் கசிவு நின்றுவிடுகிறது. சிலருக்கு மெல்ல வளர்கிறது. சிலருக்கோ சில ஆண்டுகளுக்குள் நோய் முற்றிவிடுகிறது. இம்மூவரையும் தொடக்கத்திலேயே பிரித்தறிய வல்ல மூலக்கூறுகளை உலகின் பல ஆராய்ச்சிக் கூடங்கள் தேடி வருகின்றன.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் ஜாஸ்லின் நீரிழிவு நிலையத்தார், உடலின் அழற்சியோடு தொடர்புடைய டி.என்.எஃப். ஏற்பி 1, டி.என்.எஃப். ஏற்பி 2 என்னும் இரு புரதங்கள் இரத்தத்தில் மிகுந்திருப்போருக்கே சிறுநீரகம் செயலிழப்பது மிகுதி என்று 2012இல் அறிவித்தனர். 2019இல் அழற்சியைச் சார்ந்த 17 புரதங்களின் தொகுதி ஒன்றையும் அவர்கள் கண்டறிந்தனர். மேலும் கிம்-1 என்றொரு புரதம் உண்டு. நலமான சிறுநீரகத்தில் இது பெரும்பாலும் காணப்படாது. சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் புண்படும்பொழுது தோன்றுவது. இந்த மூன்று புரதங்களையும், நோயாளரின் பிற மருத்துவக் குறிப்புகளையும் சேர்த்துக் கணக்கிட்டு, ஐந்தாண்டு காலத்தில் நோய் முற்றும் அபாயம் குறைவா, நடுத்தரமா, மிகுதியா என்று கூறும் சோதனை ஒன்றுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அனுமதி வழங்கிற்று.

ஐரோப்பாவில் நடந்த மற்றோர் ஆராய்ச்சி நாம் சிந்திக்கத்தக்கது. சிறுநீரில் உள்ள 273 புரதத் துணுக்குகளை ஒருசேர அளந்து, அல்புமின் கசிவு தோன்றுமுன்னரே அபாயத்தை அறிய முயன்றனர். கசிவு இல்லாத 1,775 நீரிழிவு நோயாளரில் 216 பேர் அபாயம் மிகுந்தோர் என்று பிரிக்கப்பட்டனர். அவர்களில் நூற்றுக்கு 28 பேருக்குக் கசிவு பின்னர்த் தோன்றிற்று. மற்றவர்களில் நூற்றுக்கு 9 பேருக்கே தோன்றிற்று. முன்னறிவிப்பு பலித்தது. ஆனால் அபாயம் மிகுந்தோரில் ஒரு பகுதியினருக்கு ஸ்பைரனோலாக்டோன் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்ததில், அது கசிவைத் தடுத்ததாக நிலைநாட்ட முடியவில்லை. 2020இல் வெளிவந்த இம்முடிவு உணர்த்துவது இதுவே: நோய் வரும் என்று அறிவது வேறு, வராமல் தடுப்பது வேறு. அறிந்த பின் செய்யத்தக்க நல்ல சிகிச்சை இருந்தால்தான் அவ்வறிவு பயன் தரும். அல்புமினைப் பொறுத்தவரை அத்தகைய சிகிச்சை உண்டு. அதனால்தான் புதிய அடையாளங்கள் பல வந்த பின்னும் அறுபது ஆண்டுகளைக் கடந்த இச்சோதனை முதலிடம் பெற்று நிற்கிறது.

கசிவு கண்டபின் செய்வது

1993இல் காப்டோபிரில் என்ற மருந்தும், 2001இல் லோசார்ட்டன், இர்பசார்ட்டன் என்ற மருந்துகளும் நீரிழிவு நோயாளரின் சிறுநீரகக் கேட்டினை மெதுவாக்குகின்றன என்பது நிறுவப்பட்டது. இவை இரத்த அழுத்தத்தைக் குறைப்பதோடு, வடிகட்டிகளின் உள்ளழுத்தத்தையும் தணிக்கின்றன. 2019 முதல், சர்க்கரையைச் சிறுநீரோடு வெளியேற்றும் வகையைச் சேர்ந்த கானாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் முதலியவையும் சிறுநீரகத்தைக் காப்பதாகக் கண்டுள்ளனர். டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020இல் முடிவுற்றபின் நம் நாட்டில் அதன் விலையும் குறைந்தது. இம்மருந்துகள் யாவும் மருத்துவர் ஆலோசனையின்படியே உட்கொள்ளத் தக்கன. கருவுற்ற பெண்களுக்கு இவை ஆகா. கடும் வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டால் அந்நாட்களில் இவற்றைத் தொடரலாமா என்று மருத்துவரைக் கேட்டறிதல் வேண்டும்.

மருந்தோடு ஒழுக்கமும் வேண்டும். சர்க்கரையை அடக்கி வைத்தல், இரத்த அழுத்தத்தை 130/80க்குக் கீழே நிறுத்தல், நாளொன்றுக்கு உப்பை 5 கிராமுக்குள் கட்டுப்படுத்தல், புகையிலையை விடுதல் ஆகியவை இன்றியமையாதவை. உடல் வலிக்கெனக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்ற மாத்திரைகள் பழுதுற்ற சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். பகலெல்லாம் வெயிலில் உழைத்து, நீர் குறைவாகப் பருகி, இரவில் இம்மாத்திரைகளை விழுங்கும் வழக்கத்தை நம் உழவர்கள் அறவே விடுதல் வேண்டும்.

உழவர் குடி ஒன்றின் வரலாறு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கீலா ஆற்றங்கரையில் பீமா என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். தம் மொழியில் அவர்கள் தம்மை ஆற்று மக்கள் என்றே அழைத்துக்கொள்கின்றனர். வாய்க்கால் வெட்டிச் சோளமும் அவரையும் பருத்தியும் விளைவித்த உழவர்கள் அவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேல்பகுதியில் குடியேறியோர் ஆற்று நீரைத் திருப்பிக்கொண்டதால் அவர்களுடைய வயல்கள் வறண்டன. பின்னாளில் வெளியிலிருந்து வந்த மாவும் கொழுப்பும் சர்க்கரையும் உணவில் மிகுந்தன. 1965இல் அந்நாட்டு அரசின் ஆராய்ச்சியாளர் அங்கே சென்று, ஐந்து வயது நிரம்பிய அனைவரையும் இரண்டாண்டுக்கொரு முறை சோதிக்கத் தொடங்கினர். முப்பத்தைந்து வயதிற்கு மேற்பட்டோரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நீரிழிவு இருந்தது. ஒரு வேளைச் சிறுநீரின் அல்புமின் அளவைக் கொண்டே பிற்காலச் சிறுநீரக நோயை முன்னறியலாம் என்பதை உறுதிப்படுத்தியவற்றுள் இம்மக்களிடம் நடந்த ஆராய்ச்சியும் ஒன்று.

அந்நாட்டுப் பழங்குடி மக்கள் அனைவருக்குமான சுகாதாரச் சேவையில் இவ்வறிவு பின்னர் நடைமுறைக்கு வந்தது. நீரிழிவு கண்டோர்க்குச் சிறுநீரில் அல்புமினை ஒழுங்காகச் சோதித்தனர். லோசார்ட்டன், காப்டோபிரில் வகை மருந்துகளைப் பரவலாக வழங்கினர். செவிலியரும் உணவு ஆலோசகரும் ஊர்ப் பணியாளரும் மருத்துவரோடு ஒரே குழுவாக இயங்கினர். 1996க்கும் 2013க்கும் இடையே, அமெரிக்கப் பழங்குடியினரில் நீரிழிவினால் சிறுநீரகம் செயலிழப்போரின் விகிதம் நூற்றுக்கு 54 வீதம் குறைந்தது. அந்நாட்டில் வேறெந்த இனத்தாரிடையிலும் இத்துணைக் குறைவு காணப்படவில்லை. புதுமையான மருந்தோ அரிய இயந்திரமோ இதைச் செய்யவில்லை. ஆண்டுதோறும் தவறாமல் அளந்ததும், அளந்ததற்கேற்ப உடனே சிகிச்சை செய்ததுமே இதைச் சாதித்தன.

நமது பஞ்சாயத்துகள் செய்யக்கூடியது

நம் மாநிலத்தில் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளிக் கிராமத்தில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வாயிலாக நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் உரிய மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. மாத்திரை வரும் வீட்டிற்கு ஆண்டுச் சோதனையும் நினைவூட்டப்பட்டால் வேலை பெரிதும் எளிதாகும். இதற்குப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் செய்யத்தக்கவை சில உண்டு.

முதலாவது, கிராம சுகாதாரச் செவிலியரோடும் திட்டப் பணியாளரோடும் கலந்து, நீரிழிவு கண்டோர் ஆண்டுச் சோதனைக்குச் செல்லும் மாதத்தை நிச்சயித்தல். நடவும் அறுவடையும் இல்லாத மாதமாக அது இருப்பது நன்று. ஒவ்வொருவரின் முடிவும் அவருக்கும் மருத்துவருக்கும் மட்டுமே உரியது; ஊரறியப் படிக்கத் தக்கதன்று.

இரண்டாவது, சிறுநீரில் அல்புமின் அளவும் இரத்தத்தில் கிரியாட்டினினும் அளக்கும் வசதி அருகில் எந்நிலையத்தில் உள்ளது என்பதை வட்டார மருத்துவ அலுவலரிடம் கேட்டறிந்து, கிராம சபைக் கூட்டத்தில் அறிவித்தல். அருகில் அவ்வசதி இல்லையேல், அது வேண்டுமென்று அக்கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேற்றி அனுப்புதல்.

மூன்றாவது, முதியோரும் தனித்து வாழும் பெண்களும் சோதனைக்குச் சென்றுவர வண்டி வசதிக்கு ஏற்பாடு செய்தல். சோதனை செய்தும் முடிவைக் கேட்கச் செல்லாதவர் பலர். அவர்களை நினைவூட்டி அனுப்புவதும் இப்பணியில் அடங்கும்.

நீரிழிவுள்ள ஒவ்வொருவரும் தம் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே: “என் சிறுநீரில் அல்புமின் எவ்வளவு? என் சிறுநீரகத்தின் வடிகட்டும் ஆற்றல் எவ்வளவு?” அவ்விரண்டு எண்களையும் தேதியோடு ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்து, அடுத்த ஆண்டு எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். விதைப்பும் விளைச்சலும் கணக்கெழுதும் உழவருக்கு இஃது அரிய செயலன்று. எண் ஏறுமுகமாக இருந்தால் காலந்தாழ்த்தாமல் சிகிச்சையைத் தொடங்குவோம். ஏறாதிருந்தால் இப்போதைய ஒழுங்கையே காத்து நிற்போம்.